அகலத் திரையில் முகம் அகல்வது ஏன்?

சென்ற ஆண்டு நம் பள்ளியின் பெற்றோர் தின விழாவில் பழைய ஒளிநாடாப் பதிவு ஒன்றைத் திரையிட்டோம். 1986ஆம் ஆண்டில் தோட்டத்துத் திடலில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டியின் பதிவு அது. அத்தோட்டத்தின் லயங்கள் இன்று இல்லை. அன்று ஓடிய சிறுவர்கள் இன்று பேரப் பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். பரிசு வழங்கிய பெரியவர்களில் பலர் மறைந்துவிட்டனர். ஆகவே, அதனைக் காண ஆவலுடன் வந்திருந்தோர் மிகப் பலர்.

படம் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் முன் வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "இது எங்க வீட்டுக்காரர் இல்லீங்க ஐயா. அவரு ஒல்லியா, உயரமா இருப்பாரு" என்றார். பதிவில் நின்றவர் அவருடைய கணவரே, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் முகம் பூசணிக்காய்போல் அகன்றிருந்தது. அவர் கையிலிருந்த வெற்றிக் கிண்ணம் சட்டியாகிவிட்டது. ஓடிய மாணவர்களோ குட்டையாய்த் தடித்துத் தோன்றினர். நாடாவில் பழுதில்லை, புதிதாய் வாங்கிய பெட்டியிலும் பழுதில்லை. இரண்டிற்கும் நடுவே இருந்த ஓர் அமைப்பு மாறியிருந்தது. அதைத் திருத்த அரை நிமிடம் போதும். அன்று அது எங்களுக்குத் தெரியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அதன்பின் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கடைகளில் தொலைக்காட்சியின் அளவை 32 அங்குலம், 43 அங்குலம் என்பார்கள். அது மூலைக்கு மூலை அளந்த நீளம். படத்தின் வடிவை முடிவு செய்வது அதுவன்று. அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதமே. பழைய பெட்டிகளில் அது 4:3. அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. இவ்விகிதம் திரைப்படத்தின் பிறப்பிலேயே தோன்றியது. அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன் என்பவர், 1890களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ ஓர் அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமும் உடையதாய் அமைத்தார். பின்னர் வந்த தொலைக்காட்சியும் அதனையே பின்பற்றியது. மலேசியாவில் 1963இல் தொலைக்காட்சி தொடங்கியபோதும், 1978இல் வண்ணம் பெற்றபோதும் திரையின் வடிவம் 4:3தான்.

வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கிய மக்களைத் திரையரங்குக்கு மீட்டழைக்க, திரைப்படத் துறையினர் திரையை அகலமாக்கினர். 1953இல் 'த ரோப்' என்னும் ஆங்கிலப் படம் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்தது. தமிழில் அம்முறையில் வந்த முதற்படம் 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்'. இம்முறையின் நுட்பம் சுவையானது. படம் பிடிக்கும்போது ஒரு தனி வில்லை காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிவிடும். படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாரும் மூங்கில்போல் ஒடுங்கி நிற்பர். திரையரங்கில் மற்றொரு வில்லை அதனை விரித்து இயல்பாக்கும். நெருக்கியது எவ்வளவோ அவ்வளவு விரிக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் உருவம் கெடும்.

இன்றைய அகலத் திரையின் விகிதம் 16:9. நான்கின் வர்க்கம் 16, மூன்றின் வர்க்கம் 9 என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்கள் கவனித்திருக்கலாம். பழைய 4:3 படத்திற்கும் மிக அகன்ற திரைப்படத்திற்கும் இடைப்பட்ட வடிவாக இதனை 1980களில் முன்மொழிந்தவர் கெர்ன்ஸ் பவர்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய ஒளிபரப்பு முறை 2019இல் நிறுத்தப்பட்டு, எண்முறை ஒளிபரப்பே நிலைத்தது. பழைய பெட்டிகள் பெரும்பாலும் மூலைக்குப் போயின. ஆனால் பழைய படங்கள் போகவில்லை. தீபாவளிக்கு இன்றும் நாம் விரும்பிப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 4:3 வடிவையோ அதனை ஒட்டிய வடிவையோ கொண்டவை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். 43 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 96 செண்டிமீட்டர் அகலமும் 54 செண்டிமீட்டர் உயரமும் உடையது. இதில் 4:3 படம் முழு உயரத்திற்கு வந்தால் அதன் அகலம் 72 செண்டிமீட்டர். இருபுறமும் 12 செண்டிமீட்டர் கறுப்புப் பட்டை நிற்கும். இதுவே சரியான தோற்றம். ஆயினும் பலருக்கு இக்கறுப்புப் பட்டை பொறுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய திரையில் கால்பங்கு வீணாகிறதே என்பர். உடனே ரிமோட்டை எடுத்து 'ஃபுல்' என்றோ 'ஸ்ட்ரெச்' என்றோ மாற்றுவர். 72 செண்டிமீட்டர் படம் 96க்கு இழுக்கப்படும். 9 செண்டிமீட்டர் பந்து 12 செண்டிமீட்டர் முட்டையாகும். உயரமோ கூடுவதில்லை. மூதாட்டியின் கணவர் பருத்தது இப்படித்தான்.

'ஸூம்' என்பது வேறொரு வழி. அது படத்தை இருதிசையிலும் சமமாகப் பெரிதாக்கும். உருவம் கெடாது. ஆனால் 96 அகலத்திற்குப் பெரிதாகும் படம் 72 உயரம் கேட்கும். திரையில் உள்ளதோ 54. மேலே 9, கீழே 9 செண்டிமீட்டர் வெட்டுப்படும். தலையும் போகும், கீழே ஓடும் மலாய் மொழிபெயர்ப்பும் போகும். சில பெட்டிகளில் நடுவில் உள்ளவரை இயல்பாக விட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் முறையும் உண்டு. அதில் ஒருவர் திரையின் குறுக்கே நடந்தால், பருத்தவராய் நுழைந்து, நடுவில் இளைத்து, மீண்டும் பருத்து வெளியேறுவார். மாணவர்களுக்கு இது நல்ல வேடிக்கை!

பெட்டி தானாகவே இதை அறியக்கூடாதா என்று கேட்கலாம். எல்லா நேரத்திலும் அறிய இயலாது. நம் நாட்டு முறையிலான டிவிடி தட்டில் ஒரு படம் என்பது 720க்கு 576 புள்ளிகள். 4:3 படமாயினும் 16:9 படமாயினும் புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான். எவ்வடிவில் விரிக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தனியே ஒரு குறி பதிந்திருக்கும். அக்குறி இல்லையென்றாலும் தவறாயிருந்தாலும் பெட்டி ஊகித்து விரிக்கும். ஊகம் பிழைத்தால் படமும் பிழைக்கும். ஒளிநாடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பதிவுகளில் இது அடிக்கடி நேர்கிறது.

திருத்தும் முறை எளிது. ரிமோட்டில் அமைப்புப் பட்டியலைத் திறந்து 'பிக்சர் சைஸ்', 'ஆஸ்பெக்ட் ரேஷியோ', 'வைட் மோட்' ஆகியவற்றுள் எது உளதோ அதைத் தேடுக. மலாய் மொழியில் 'சைஸ் கம்பார்' என்றிருக்கும். பழைய படத்திற்கு 4:3, புதிய நிகழ்ச்சிக்கு 16:9 அல்லது 'ஒரிஜினல்' எனத் தெரிவு செய்க. அப்படியும் சரிவரவில்லையெனில் டிகோடரைப் பார்க்கவேண்டும். பெட்டி, டிகோடர் இரண்டிலும் இந்த அமைப்பு உண்டு. டிகோடரிலேயே உருவம் கெட்டுவிட்டால் பெட்டியில் எதை மாற்றினாலும் குழப்பமே மிஞ்சும். முதலில் டிகோடரில் 16:9 திரை என்று அமைத்துவிட்டு, பிறகு பெட்டிக்கு வருக. கணினியில் 'வி.எல்.சி.' வழியாகப் பார்ப்போர் 'ஏ' எழுத்தை அழுத்த அழுத்த விகிதம் மாறிக்கொண்டே வரும்.

சரியாயிற்றா என்பதை எப்படி அறிவது? கண்ணை நம்பவேண்டாம், அது சில நிமிடங்களில் பழகிவிடும். வட்டமான ஒரு பொருள் நேராகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்துக. சுவர்க் கடிகாரம், முன்னிருந்து காணும் பந்து, நிலவு என எதுவும் ஆகும். அளவுகோலால் குறுக்கேயும் நெடுக்கேயும் அளந்தால் இரண்டும் ஒன்றாய் இருக்கவேண்டும். முன்னாளில் ஒளிபரப்பு தொடங்குமுன் பெரிய வட்டம் கொண்ட சோதனைப் படம் வந்ததைப் பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வட்டத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று.

பள்ளி விடுமுறையில் அம்மூதாட்டியின் இல்லத்திற்குப் பதிவை எடுத்துச் சென்று சரியான வடிவில் காட்டினோம். அவர் எதுவும் பேசவில்லை. பரிசளிப்புப் பகுதியை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் நாட்டு ஈரக்காற்றில் ஒளிநாடாக்கள் பூசணம் பிடித்துவிடுகின்றன. திருமண நாடா, கோவில் திருவிழா நாடா எதுவாயினும் காலந்தாழ்த்தாது கடையில் கொடுத்துப் பெயர்த்துக்கொள்க. கொடுக்கும்போது, "4:3 வடிவிலேயே வேண்டும், திரை நிறைய வெட்டித் தரவேண்டாம்" என்று சொல்லுக. இழுத்துத் தந்தாலும் பின்னர் ரிமோட்டால் சுருக்கிக்கொள்ளலாம். மேலும் கீழும் வெட்டித் தந்துவிட்டாலோ, வெட்டிய பகுதி அப்பிரதியில் இராது. எனவே மூல நாடாவைக் கடைக்காரரிடமிருந்து மறவாமல் திரும்பப் பெற்றுக்கொள்க.