மொட்டை வேண்டாம், சீப்பு போதும்



எங்கள் மருத்துவமனையைச் சேர்ந்த பிள்ளைகள் இல்லத்தைத் தாங்கிவரும் சபையார் சிலர், கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் ஒரு யோசனை சொல்லுவார்கள். ஊருக்குப் போன பிள்ளைகள் தலை நிறையப் பேனோடு திரும்புகிறார்கள். முடி வெட்டுகிறவரை ஒரு நாள் வரவழைத்து எல்லாருக்கும் மொட்டை போட்டுவிட்டால் தொல்லை தீருமே, செலவை நாங்கள் ஏற்றுக்கொள்ளுகிறோம் என்பார்கள். அன்பினால் சொல்லுகிற வார்த்தைதான். ஆனாலும் நாங்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை. காரணத்தை உங்களுக்குச் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

முதலாவது, பேனுக்கு மொட்டை தேவையில்லை. பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து ஏறும். சுத்தமான தலையிலும் வரும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே பெர்மெத்ரின் 1 சதவீத மருந்தை, அலசித் துவட்டிய தலையில் தடவி, பத்து நிமிடம் வைத்துக் கழுவுகிறோம். இது எல்லா ஈரையும் கொல்லாது. ஆகையால் ஒன்பதாம் நாள் மறுபடியும் போடுகிறோம். இடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஈரத்தலையில் பேன் சீப்பு. ஒரே அறையில் படுக்கிற எல்லாரையும் ஒரே நாளில் பார்க்காவிட்டால் பிரயோஜனமில்லை. (வீட்டில் மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தோல் புண்ணாகும், தீப்பிடிக்கும்.) சீழ்ப்புண் இருந்தால் அதைச் சுற்றி மட்டும் முடியைக் கத்தரித்தால் போதும். சத்துக்குறைவால் முடி மெலிந்து செம்பட்டையாகிப்போன பிள்ளைக்கோ கத்தரியால் ஒரு நன்மையும் இல்லை; அதற்கு வேண்டியது பருப்பும் முட்டையும் பாலும்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. நம் ஊரில் மொட்டைக்கு அர்த்தம் உண்டு. தகப்பனோ தாயோ இறந்தால் மகன் மொட்டை போடுகிற வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. விதவைகளின் தலையை மழித்த கொடுமையும் நம் நாட்டில் நடந்ததுதான். பெற்றோரை இழந்து, பழக்கமில்லாத ஓர் இடத்துக்கு வந்து நிற்கிற பெண்பிள்ளையின் சடையை முதல் நாளே வெட்டினால் அவள் அதை எப்படி எடுத்துக்கொள்ளுவாள்? இன்னொரு பிள்ளைக்குக் குலதெய்வத்தின் கோயிலில் முடி இறக்குவதாகப் பாட்டி நேர்ந்துகொண்டு வளர்த்துவருவார். அந்த நேர்ச்சை நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்ததல்ல என்பதால், அந்த முடியை வெட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது.

சபைகளாகிய நாம் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் டகோட்டா பழங்குடியில் பிறந்த ஜிட்கலா-ஷா, 1884-ல் எட்டு வயதில் இண்டியானாவிலிருந்த குவேக்கர் மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டார். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட அவரை இழுத்து, நாற்காலியில் கட்டி, சடைகளை வெட்டினார்கள். அவருடைய ஜனத்தில் துக்கம் காக்கிறவர்களும் கோழைகளும்தான் முடி குறைத்திருப்பார்கள். 1900-ல் அவரே இதை எழுதினார். வெட்டினவர்கள் கெட்டவர்களாய் இருந்திருக்கவேண்டியதில்லை. சுத்தம், ஒழுங்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். கனடாவில் இப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகளை நடத்தியதற்காக ஆங்கிலிக்கன் சபை 1993-ல் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 1992-ல் இந்தியாவும் இணைந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, வீட்டைவிட்டு வெளியே வளருகிற பிள்ளையின் சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றுக்கு உரிய மதிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. தலைமுடியும் அதற்குள் அடங்கும் என்றே நாங்கள் கொள்ளுகிறோம்.

ஆகையால் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் மேட்ரன் அம்மா சில கேள்விகளைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். வீட்டில் என்ன எண்ணெய்? பூ வைப்பது உண்டா? (கிறிஸ்தவக் குடும்பங்களிலேயே வைக்கிறவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு.) நேர்ச்சை இருக்கிறதா? வெட்டவேண்டுமானால் யாரைக் கேட்பது? கடைசியாகப் பிள்ளையிடமே, உனக்கு எப்படிப் பின்னினால் பிடிக்கும் என்று. நீலகிரியின் தோடர் பெண்கள் முடியைச் சுருள்சுருளாகத் தோளில் விடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை, பள்ளிக்கு இரட்டைச் சடை போட்டாலும், ஞாயிற்றுக்கிழமையாவது அவள் பாட்டியைப்போல் இருக்க விடலாம் அல்லவா? சுருட்டை முடியை உலர்ந்தபடி வாரினால் ஒடியும். ஈரமாக, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க எங்கள் அக்காமார் கற்றிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கழிவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிமார் ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை.

கஷ்டம் நேரத்தில்தான். ஒரு தலைக்குப் பத்து நிமிடம் என்றாலும், நாற்பது தலைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். காலையில் பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குப் பின்ன, படிக்கட்டில் வரிசையாக உட்காருகிறார்கள். பார்க்க அழகு, பேனுக்கும் வசதி! அதனால் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சீப்பும் துண்டும் தனித்தனியே கொடுத்திருக்கிறோம். இங்கே படம் போடாததற்குக் காரணம், இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

முடி வெட்டச் செலவழிக்க நினைத்த சபைகள் அந்தப் பணத்தில் பேன் சீப்பு, வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய், கறுப்பு ரிப்பன் வாங்கி அனுப்பலாம். ஷாம்பு பாக்கெட் போதுமான அளவு இருக்கிறது. சனிக்கிழமை காலை எண்ணெய்க் குளியல். இல்லத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, சடை பின்னத் தெரிந்த சகோதரிகள் இரண்டு மணி நேரம் வந்து உதவினால் மிகவும் சந்தோஷப்படுவோம்.