பரணில் கிடக்கும் பழைய காகிதமும் ஊர் வரலாறுதான்

பழைய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடைக் கணக்கு நோட்டு, தாத்தா எழுதிய கடிதம்... பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது "எதுக்கு இந்தக் குப்பை?" என்று பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறோம். அதோடு நம்ம ஊர் வரலாற்றில் ஒரு பக்கமும் போய்விடுகிறது.

பொன்னேரி பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். டச்சுக் கால ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வணிகம் செய்ய வந்தவர்கள் எழுதி வைத்தார்கள். அதனால் அவர்கள் கதை கிடைக்கிறது. இங்கே மீன் பிடித்தவர்கள், நெல் விளைவித்தவர்கள் கதையைத் தேடினால், வீட்டுக் காகிதங்களும் பெரியவர்களின் நினைவும்தான் கைகொடுக்கும்.

இதை முன்பே உணர்ந்தவர் காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், புத்தகங்களோடு அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள், கடிதங்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அதைக் கடல் கடத்தவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் சேகரிப்பு, இன்று ஆய்வாளர்கள் தேடி வரும் இடமாகிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

• பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். நாளாவட்டத்தில் இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும்.
• ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள்.
• பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். ஊர், ஆண்டு, யாருடையது என்று குறித்து வையுங்கள்.
• படத்தில் இருப்பவர்கள் யார், அந்தக் கடை எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.
• சொத்துப் பத்திரத்தின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதன் படத்தை வாட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள்.

ஊர் பற்றிய அரிய நூல், மலர் ஏதாவது இருந்தால், அருகிலுள்ள நூலகரிடம் பேசிப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் 'தமிழ் மின்நூலகம்' தளத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். முதலில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்களேன்!