கார்ப்பரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்தல்

நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ மூட்டையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறிச் சாக்கும் இருசக்கர வண்டிகளில் செல்வது நம் சமவெளிக் கிராமங்களில் அன்றாடக் காட்சி. மல்லிகை காத்திராது, வண்டி வழியில் நின்றால் அன்றைய விலை போயிற்று. இவ்வாறு நின்றுபோகும் பழைய வண்டிகள் பலவற்றில் பெரும் பழுது எதுவும் இராது. கார்ப்பரேட்டரில் அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவே. இதுவரை ஸ்பேனர் பிடித்திராத குடியானவரும் இதனை ஒரு முற்பகலில் சரிசெய்துகொள்ள இயலும்.

2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளையொட்டி, புதிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு அமைப்பு வந்துவிட்டது. அதில் வீட்டில் கை வைத்தல் கூடாது. அதற்கு முந்திய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஸ்பிளெண்டர் போன்றவற்றையே இங்குக் கூறுகிறோம்.

கார்ப்பரேட்டரின் வேலை, பெட்ரோலைத் துளியாக்கிக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். 1893இல் ஹங்கேரி நாட்டின் பாங்கி, சோங்கா என்னும் இருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். பூக்காரி ஒருத்தி குழல்வழி ஊதிப் பூக்களின்மேல் நீர் தெளித்ததைக் கண்டு அவர்களுக்கு இக்கருத்துத் தோன்றியதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும் தத்துவம் அதுவே. அடியில் ஒரு கிண்ணம். அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்க ஒரு மிதவை. கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்ச 'ஜெட்' எனப்படும் பித்தளைத் துளைகள். மெதுவாக ஓடும்போது பயன்படும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஆகவே முதலில் அடைபடுவதும் அதுவே.

சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் அணைவது இந்த அடைப்பின் தெளிவான அடையாளம். வண்டி பல வாரம் நின்றிருந்தால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் தங்கிவிடும். ஆயில் கலந்து ஓட்டும் பழைய எக்ஸ்.எல். வண்டிகளில் இது இன்னும் கெட்டியாகப் படியும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும்.

கழற்றுமுன் பிளக்கையும் ஏர் பில்டரையும் பார்த்துவிடுங்கள். நம் செம்மண் பாதைகளில் பில்டர் அடைபடுவது சாதாரணம். பிறகு, எஞ்சின் நன்கு ஆறியபின், பெட்ரோல் டேப்பை மூடிக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடியுங்கள். அடியில் நீர்முத்துக்கள் தெரிந்தால் நோய் தெரிந்துவிட்டது. பல சமயம் இத்துடனேயே வண்டி ஓடிவிடும். ஓடினால் மேற்கொண்டு கழற்றாதீர்கள்.

கழற்றவேண்டி வந்தால் வேலையைத் திறந்தவெளியில் செய்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பையும் எட்டும். பீடி, விளக்கு, விளையாடும் குழந்தைகள் எதுவும் அருகில் இருத்தல் ஆகாது. வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. காற்றுத் திருகை எடுக்குமுன், அதனை மெல்ல உள்ளே முட்டும் வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதன்முறை செய்பவர்கள் மறந்து, பின்பு அல்லற்படுவது இவ்விடத்தில்தான்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றாலோ சைக்கிள் பம்பாலோ ஊதுங்கள். குண்டூசி, இரும்புக் கம்பி எதையும் நுழைக்கலாகாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே அகன்றாலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஜெட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கிளீனர் கண்ணில் தெறிக்காதபடி கண்ணாடி அணிந்துகொள்க; ரப்பர் வளையங்களை முன்னதாகவே எடுத்துவிடுக. மிதவையை வளைக்கவேண்டாம். அதன் ஊசிமுனையில் வளையத் தேய்வு இருந்தால் புதிது போடவேண்டும். இல்லையேல் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

மீண்டும் பொருத்தும்போது ஸ்லைடின் காடி அதற்குரிய முனையில் சரியாக உட்காரவேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் ஆக்சிலேட்டரைப் பலமுறை திருகிவிட்டுப் பாருங்கள். அது சட்டெனத் தானே திரும்பாவிட்டால் வண்டியைத் தொடவேண்டாம். திறந்த நிலையில் சிக்கிய ஆக்சிலேட்டர் உயிருக்கே ஆபத்து. கசிவு இல்லையென்று கண்டபின் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் வேகத்தைச் சீர்செய்க. வடித்த பெட்ரோலைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது.

பருவத்துக்குப் பருவம் மூலையில் கிடக்கும் பவர் ஸ்பிரேயருக்கும் இதே நோய் வரும். ஊராட்சிகளில் பெட்ரோல் எஞ்சின் உள்ள கருவிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு மாதம் ஓட்டாமல் வைப்பதாயின், டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானே அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணம் வற்றிவிட்டால் பிசின் படிய இடமில்லை.

கொடைக்கானலுக்கு ஏறும் வண்டி மேலே திணறுவதைக் கண்டு கார்ப்பரேட்டரைக் கழற்றுவோர் உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுகிறது. வண்டி வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் அது தானே சரியாகிவிடும்.