லயத்துக்கு வந்த பல்கலைக்கழகம்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் சூம் வழியே வீடு தேடி வந்தன. சில காலம் கட்டணமின்றியும் வந்தன. ஆயினும், இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் மலைச்சரிவுகளில் அலை எட்டாத லயங்கள் எத்தனை! ஒரே காம்பராவில் குடும்பம் முழுதும் வாழுமிடத்து, விரிவுரை கேட்கத் தனிமூலை ஏது?

பயணச் செலவு மிச்சம். விளங்காத பகுதியை மீளக் கேட்கலாம். இணையத்தின் இந்நன்மைகள் மெய்யே. ஆனால், தோட்டத்துப் பிள்ளைக்குப் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் போன்றதொரு வளாகம் விரிவுரை மண்டபம் மட்டுமன்று. தனி மேசை, விளக்கு, நூலகம், ஐயந்தீர்க்கும் தோழமை அனைத்தும் அதுவே. இவற்றைத் திரை கொண்டுவருவதில்லை.

இணையவழிக் கல்வி துணையாக நிற்கட்டும். அதற்குத் தோட்டந்தோறும் இணைய வசதியுடைய வாசிகசாலை ஒன்று வேண்டும். இன்றேல், சமவாய்ப்பு அலை எட்டும் வீட்டார்க்கே உரியதாகும்.