பேசாத பிள்ளையும் பேசும் உறவினரும்

"ஆம்பிளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்!" இந்த ஒரு வசனத்தை நம்பியே எத்தனை குழந்தைகளுக்குப் பொன்னான காலம் போய்விடுகிறது தெரியுமோ?

மூன்று வயதில் என் பையனுக்கு ஆட்டிசம் என்றார் டாக்டர். உடனே மாமியாரிலிருந்து மாடி வீட்டுக்காரர் வரை ஆளுக்கொரு லேகியம் சிபாரிசு செய்தார்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து உலகத்திலேயே கிடையாது, சார். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி மாதிரியான பயிற்சிகள்தான். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். நான் ஆவடிவாசி. மூன்றாவது ஸ்டேஷன் அம்பத்தூர். ஆனால் அது 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில். ஆகவே, அம்பத்தூர்க்காரர் சான்றிதழுக்குக் கிழக்கே ரயிலேறினால் நான் மேற்கே!

குழந்தையின் 40 விஷயங்களைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். 70 வந்தால்தான் ஆட்டிசம் என்று எழுதுவார்கள். என் பிள்ளை மார்க் வாங்கக் கூடாதே என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே பரீட்சை அதுதான். வாங்கிவிட்டான்.

பி.காம். படித்ததற்குப் பலனாக ஒன்று சொல்கிறேன். சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால், பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதமென்றால் 1,25,000. நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' இன்ஷூரன்ஸில் வருஷத்துக்கு 1 லட்சம் வரை. தெரபிச் செலவும் அதில் சேர்த்தி. ஆபீஸில் யாரும் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் பெரிய நிறுவனம் 2005-லிருந்து முட்டுக்காட்டில் இருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் நடுவே முழுச் சென்னையும் கிடக்கிறது. போய்வர ஒரு நாள். எனக்கு ஆபீஸ் கிடையாது. மனைவியின் சி.எல்.தான் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது.