எண்ணத்திற்கு வேலி உண்டோ?

பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல், அரசியல் காவலுக்கும் இடமாயிருந்தது. 1965இல் அல்ஜியர்ஸ் நகரில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துத் திரும்பிய காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா, டெல்லியில் கைதாகிப் பின்னர் இங்கே காவலில் வைக்கப்பட்டார். ஆயினும், அவரை விடுவிக்குமாறு பிரதமர் இந்திரா காந்திக்கு ஜெயப்பிரகாஷ் நாராயண் 1966இல் மடல் எழுத முடிந்தது.

ஒரு கட்சியே ஆளும் நாட்டில் மாற்றுக்குரலுக்கு அவ்வழியும் அரிது. சோவியத் ஒன்றியத்தில் 1922இல் அமைந்த 'கிளாவ்லித்' என்னும் தணிக்கைத் துறை, எழுத்துகளை அச்சேறுமுன்னரே ஆய்ந்தது. அயல்நாட்டு நூல்களைத் தடுத்தது. அயல்நாட்டு வானொலிகளும் இரைச்சல் எழுப்பி மறிக்கப்பட்டன. எனினும், தடுக்கப்பட்ட படைப்புகள் தட்டச்சுப் படிகளாகக் கைமாறிப் பரவின.

1968இல் விடுதலையான அப்துல்லா, 1975இல் தம் மாநிலத்தின் முதலமைச்சரானார். கருத்தைப் பூட்டிவைக்கும் அரசைவிட, அதனைக் கேட்டு மறுமொழி கூறும் அரசே வலிமையுடையது.