கணக்கில் தோட்டம், கம்பஸில் யார்?

கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், எங்கே படிப்பது என்பதுதான் முதல் கேள்வி. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ பஸ் ஏற வேண்டும். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தில் பௌதிகவியல் தனியார் வகுப்புக்கும் காசு ஒதுக்க வேண்டும். அத்தனையும் தாண்டிப் பரீட்சை எழுதினால், அந்தப் பிள்ளை பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்டக் கணக்கில் சேரும். அதே மாவட்டத்தில் வசதியான நகரப் பாடசாலையில் படித்தவரும் அதே கணக்குத்தான்.

இத்தகைய பின்தங்கியோருக்கான தனி ஏற்பாடுகள் சமூகத்தைப் பிளக்கின்றன என்ற குற்றச்சாட்டு இப்போது உலகெங்கும் ஓங்கிக் கேட்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக அனுமதியில் இனம் பார்ப்பதைத் தடுத்தது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் அரச நிறுவனங்களின் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டார்.

இந்தப் பிளவை இலங்கை அரை நூற்றாண்டுக்கு முன்பே பட்டு அறிந்தது. பிரதமர் சிறிமாவோ அரசில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி மொழிமூலத்தின்படி பிரிக்கப்பட்டது: 400க்குத் தமிழ்மூல மாணவர் 250 எடுக்க வேண்டும், சிங்களமூல மாணவருக்கு 229 போதும். அந்த 21 புள்ளி வித்தியாசம் யாழ்ப்பாணத்து இளைஞரைத் தெருவுக்கு இறக்கியது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. 1970 அளவில் பொறியியல் பீடத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த தமிழ் மாணவர் பங்கு, 1974இல் ஆறில் ஒன்றாகச் சுருங்கியது. தரப்படுத்தல் எனப்பட்ட இந்த ஏற்பாடு நாட்டைப் பிளந்த காரணங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

மலையகத்தின் கதை வேறு. அது அதிகம் பேசப்படுவதுமில்லை. மாவட்டக் கோட்டா சனத்தொகையைப் பார்த்து வகுக்கப்பட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களும் அந்தத் தலைக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் உயர்தர வகுப்பை எட்டவே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். தோட்டத்து லயக் குடியிருப்பு மக்களின் தலைகளால் கூடிய இடங்களில் வேறு பிள்ளைகள் போய் அமர்ந்தார்கள்.

இன்று விஞ்ஞானம் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் அந்தப் பதினாறில் ஒன்று. அதன் மக்களில் பெரும்பகுதியினர் மலையகத் தமிழர். ஆனால் இந்தச் சலுகை லயத்துக்கும் நகரத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. குறைந்த வெட்டுப்புள்ளியைத் தேடி வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து சேர்கிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுநாளாக உண்டு. வடக்கிலிருந்து வந்த பிள்ளையை மலையகத் தாய் சந்தேகத்தோடு பார்க்கிறாள். தமிழருக்குள்ளேயே விழுந்த இந்தக் கீறல் வேதனையானது.

அதற்காகக் கோட்டாவையே தூக்கிவிடச் சொல்வது அநியாயம். திறமை ஒன்றையே பார்த்தால் கொழும்பின் பெரிய பாடசாலைகள்தான் இன்னும் கூடுதலாக அள்ளும். பிழை கைகொடுப்பதில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. மொழியை அளந்தார்கள், மாவட்டத்தை அளந்தார்கள். பிள்ளை படித்த பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததா, இரசாயனவியல் ஆசிரியர் இருந்தாரா என்பதை அளக்கவில்லை. அதை அளந்தால் மொனராகலைச் சிங்களப் பிள்ளையும் கந்தப்பளைத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

நுவரெலியா மாவட்ட இடங்களில் எத்தனை தோட்டப் பாடசாலை மாணவருக்குக் கிடைத்தன என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் தனியே வெளியிட வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைச் சபையில் கேட்க வேண்டும்.